ஏர் கூல்டு பீட்டிலும் கடல்காற்றும்: தகரத்தைக் கழற்றலாமா?

கேள்வி, 2 மார்ச் 2025

அண்ணே, வண்டி 1970 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார். பழைய 1300 இன்ஜினை 1776 சிசி ஆக்கியாச்சு, இரட்டை கார்புரேட்டர். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பாம்பன் பாலம் ஏறி இறங்கி, தங்கச்சிமடம் கடைவீதியில் ஊர்ந்து போனால் ஆயில் விளக்கு மினுக்குகிறது. டிக்கி மூடியை நாலு விரல் தூக்கி முட்டுக் கொடுத்துவிட்டு, இன்ஜினைச் சுற்றியிருக்கும் தகரத்தையெல்லாம் கழற்றிவிட்டால் கடல்காற்று நேராக இன்ஜின் மேல் படும் என்று நினைக்கிறேன். நம்ம ஊரில் காற்றுக்கா பஞ்சம்? ஏர் கூல்டு என்றால் காற்றுதானே வேணும்?

2 மார்ச், இரவு

தகரத்தைக் கழற்றாதீங்க தம்பி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

புல்லட் இன்ஜின் வெளியே தொங்குகிறது, எதிர்காற்று நேராக ஃபின் (சூட்டை வெளியேற்றும் உலோக விளிம்புகள்) மேல் படும். பீட்டில் இன்ஜின் வண்டியின் வாலில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. எதிர்காற்று அதைத் தொடவே தொடாது. பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளவுகள் வழியாகக் காற்றை உறிஞ்சுவது ஃபேன். அந்த ஃபேன் டைனமோ தண்டின் மறுமுனையில் இருக்கிறது, பெல்ட் அதைச் சுற்றுகிறது. ஃபேன் உறை காற்றை நாலு சிலிண்டர் மேலும் அமுக்கித் தள்ளும். அது ஃபின் இடுக்குகளில் இறங்கி, சூட்டை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் வெளியேறும்.

நீங்கள் கழற்ற நினைக்கும் தகரம் ஒரு தரை. அதற்கு மேலே குளிர்காற்று, கீழே சைலன்சரும் வெந்த காற்றும். தரையை எடுத்துவிட்டால் கீழே போன சூடான காற்று திரும்ப மேலே ஏறி, அதையே ஃபேன் மறுபடி உறிஞ்சும். எழுபது டிகிரி காற்றை வைத்து இன்ஜினைக் குளிர வைக்க முடியாது. தகரத்துக்கும் பாடிக்கும் நடுவே ஓடும் கறுப்பு ரப்பர் பட்டி, பிளக் வயர் நுழையும் இடத்து ரப்பர் மூடி நாலு, இதெல்லாம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிளக் வயர் ரப்பர் இல்லாத வண்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஓட்டையும் எட்டணா காசு அளவுதான், ஆனால் ஃபேன் அமுக்கும் காற்று ஃபின்னுக்குப் போகாமல் அதுவழியே ஓடிவிடும்.

3 மார்ச்

நேற்று விட்டுப்போன கேள்வி. ஆயிலைக் குளிரவைக்கும் கூலர் எந்த வகை? 1970 வண்டி என்றால் பழைய வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் ஆயில் கூலர் ஃபேன் உறைக்குள்ளேயே, மூன்றாம் நம்பர் சிலிண்டருக்கு நேர் மேலே நிற்கும். கூலரைத் தாண்டி வரும் காற்று ஏற்கெனவே சூடு, அளவிலும் குறைவு. மூன்றாம் சிலிண்டர் எப்போதும் மற்ற மூன்றையும் விடச் சூடாக ஓடுவது அதனால்தான். எக்ஸாஸ்ட் வால்வு தலை உடைந்து பிஸ்டன் மேல் விழுந்தது என்று யாராவது சொன்னால் எந்த சிலிண்டர் என்று நான் கேட்பதே இல்லை.

1971 மாடலில் கம்பெனியே இதைத் திருத்தியது. கூலரை உறைக்கு வெளியே ஒரு சின்ன அறை கட்டித் தள்ளிவைத்தார்கள், ஃபேனையும் அகலமாக்கினார்கள். அந்த அறை நாய்க்கூண்டு மாதிரி இருப்பதால் உலகம் பூராவும் அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இன்ஜினைப் பெரிதாக்கியவர்கள் முதல் காசை அந்த உறைக்கும் ஃபேனுக்கும் போடவேண்டும். பளபள சைலன்சரும் கார்புரேட்டரும் அப்புறம்.

5 மார்ச்

"பழைய உறைதான் அண்ணே" என்று பதில் வந்திருக்கிறது. அப்படியென்றால் 1776 சிசியின் சூட்டை 1300க்குச் செய்த உறை சுமக்கிறது. கணக்கு பாருங்கள்: 77 மிமீ பிஸ்டன், 69 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), நாலு சிலிண்டர், 1285 சிசி. அதே ஸ்ட்ரோக்கில் 90.5 மிமீ பிஸ்டன் போட்டால் 1776. கிட்டத்தட்ட 38 சதவீதம் கூடுதல். முழு மிதியில் எரியும் பெட்ரோலும் அந்த அளவுக்குக் கூடும், அதில் சக்கரத்துக்குப் போவது கால்வாசி அளவுதான். மிச்சம் சைலன்சர் வழியாகவும் ஃபின் வழியாகவும் ஆயில் வழியாகவும்தான் வெளியேறியாக வேண்டும்.

9 மார்ச்

ஞாயிற்றுக்கிழமை, நேரம் இருக்கிறது. என் கதையை எழுதுகிறேன், ஏனென்றால் இதே தப்பை நான் முழுசாகச் செய்தவன்.

என் வண்டி 1968. கீழக்கரையில் ஒரு காக்காவிடம் (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) வாங்கியது. அவர் அத்தா (அப்பா) காலத்து வண்டி, முற்றத்துப் பூவரசு மரத்தடியில் பதினெட்டு வருடம் நின்றது. வாங்கியதும் இன்ஜினை 1641 ஆக்கினேன், 87 மிமீ பிஸ்டன். இன்ஜின் கேஸை (வெளிக்கூட்டை) வெட்டாமல் அப்படியே செருகலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. வெளிவட்டம் அதே, உள்வட்டம் மட்டும் பெரிது என்றால் சிலிண்டர் சுவர் முக்கால் மிமீ மெலிந்துவிட்டது என்று அர்த்தம். மெலிந்த சுவர் சூட்டில் சீக்கிரம் கோணும். அதை அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை.

வேலை செய்த பட்டறையில், "பவர் வேணும்னா இந்த சின்னப் புல்லியைப் போடுங்க சார்" என்று ஓர் அலுமினியப் புல்லியைக் காட்டினார்கள். சிவப்புக் கலரில் பளிச்சென்று இருந்தது. போட்டேன். இன்ஜின் தண்டில் இருந்து பெல்ட்டைச் சுற்றும் கிரேங்க் புல்லி சிறுத்தால் ஃபேன் வேகம் குறையும், ஃபேன் இழுக்கும் குதிரைத்திறன் மிச்சமாகும், அதுதான் அவர்கள் சொன்ன பவர். ரேஸில் சில நிமிடம் முழு வேகத்தில் ஓட்டுகிறவனுக்கு அது சரி. தங்கச்சிமடம் கடைவீதியில் இரண்டாவது கியரில் ஊர்கிறவனுக்கு அது விஷம்.

2019 மே மாதம். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனைக்குப் போனோம். 2017ல் போட்ட புதுத் தார்ச்சாலை, இரண்டு பக்கமும் கடல், வண்டியில் மனைவி, இரண்டு பிள்ளைகள், பின்சீட்டில் என் மாமியார். முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் ஒரு வாசனை. கருவாடு காய்கிற வாசனை என்று மாமியார் சொன்னார்கள். எனக்குத் தெரியும், அது ஆயில் தீய்கிற வாசனை. வேகம் குறைத்த நொடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மினுக்கவில்லை, நின்று எரிந்தது.

ஓரம்கட்டி டிக்கியைத் திறந்தேன். டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் தண்ணீர் மாதிரி ஒழுகுகிறது, விரலில் ஒட்டவே இல்லை. பழைய தனுஷ்கோடி சர்ச் சுவர் நிழலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். 1964 புயல் தின்றுவிட்டுப் போன ஊரில், மணலில் புதைந்த தண்டவாளம் எங்கே என்று பிள்ளைகள் தேடிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நேரமும் காற்று எங்களை ஆளோடு தள்ளியது. மாமியார் சேலையைப் பிடித்துக்கொண்டே, "இம்புட்டுக் காத்து அடிக்குது, இது ஏம்ப்பா சூடாகுது?" என்று கேட்டார்கள். இந்த இழையில் முதலில் கேட்கப்பட்டதும் அதே கேள்விதான். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

வீடு திரும்பியதும் பழைய இரும்புப் புல்லியைத் தேடிப் போட்டேன். அந்தச் சிவப்புப் புல்லி இன்னும் பரணில் கிடக்கிறது.

9 மார்ச், பிறகு

பெல்ட் பற்றி ஒரு வரி. நடுவே கட்டைவிரலால் அமுக்கினால் 15 மிமீ இறங்கவேண்டும். டைனமோ புல்லியின் இரண்டு பாதிக்கும் நடுவே இருக்கும் ஷிம்களை (மெல்லிய வளையத் தகடுகளை) எடுத்தால் பெல்ட் இறுகும், சேர்த்தால் தளரும். எடுத்த ஷிம்மைத் தூக்கிப் போடாமல் புல்லிக்கு வெளிப்பக்கம் அதே போல்ட்டில் கோர்த்து வையுங்கள். தளர்ந்த பெல்ட் என்றால் ஃபேன் வழுக்குகிறது என்று அர்த்தம்.

11 மார்ச்

தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். 2ஆம் தேதியே இதைச் சொல்லியிருக்க வேண்டும். நம்ம ஊரில் குளிர் ஏது, எதற்கு அது என்று நானும் ஒரு காலத்தில் பிடுங்கிப் போட்டேன். இன்ஜினுக்கு அடியில் துருத்தி மாதிரி ஒரு பித்தளைக் குப்பி இருக்கும். 65, 70 டிகிரியில் விரிந்து, ஃபேன் உறைக்குள் இருக்கும் கதவுகளைத் திறக்கும். குப்பி கெட்டால் கதவுகள் திறந்தே நிற்கும்படிதான் அமைப்பு, அதனால் அது ஆபத்தான சாமான் இல்லை. பிரச்சினை எங்கே வருகிறது என்றால், குப்பியை எடுப்பவர்கள் கதவுத் தகடுகளையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். அந்தத் தகடுகள் திறந்த நிலையில் காற்றைச் சிலிண்டர் பக்கம் திருப்பிவிடும் வேலையையும் செய்கின்றன. குப்பி வேண்டாம் என்றால் விடுங்கள், தகடுகள் உள்ளே இருக்கட்டும், முழுதாகத் திறந்து நிற்கட்டும்.

நான் திரும்ப இரண்டையும் மாட்டிவிட்டேன். மார்கழிக் காலையில் வண்டி சீக்கிரம் சூடேறி, ஆயிலில் ஈரம் தங்காமல் போகிறது. டிப்ஸ்டிக்கில் வெள்ளைப் பாலாடை கட்டுவது நின்றது. கடலோர ஈரக்காற்றில் அது சின்ன விஷயமில்லை.

20 மார்ச்

அளக்காமல் பேசாதீர்கள். எத்தனை டிகிரி என்றால், "கை வைக்க முடியல அண்ணே" என்று பதில் வருகிறது. எந்த இன்ஜின் மேலும் கை வைக்க முடியாது.

இரண்டு மீட்டர் போதும். ஆயில் சூட்டுக்கு ஒன்று. மூன்றாம் நம்பர் பிளக்குக்கு அடியில் வாஷர் மாதிரி செருகும் வளையத்தோடு வரும் ஹெட் (சிலிண்டரின் தலைமூடி) சூட்டு மீட்டர் ஒன்று. என் வண்டியில் ஆயில் 90க்கும் 110க்கும் நடுவே இருந்தால் நிம்மதி. 120 தாண்டினால் காலை எடுத்துவிடுவேன். ஹெட் 190 வரை கவலையில்லை, 220ஐத் தொட்டால் ஓரம்கட்டிவிடுவேன்.

12 ஏப்ரல்

தம்பி வண்டியோடு வந்துவிட்டார். என்ன பார்த்தோம் என்று எழுதியே ஆகவேண்டும்.

பீட்டில் இன்ஜினை நாலு பெரிய போல்ட்தான் பிடித்திருக்கிறது. ஜாக்கி வைத்து இறக்கி, பூவரசு நிழலில் சாக்கு விரித்து வைத்தோம். எங்களோடு பாம்பனைச் சேர்ந்த படகு மெக்கானிக் அண்ணன் ஒருவர். வள்ளத்தில் வைக்கும் ஏர் கூல்டு டீசல் இன்ஜின்களைப் பிரித்துப் பிரித்துக் கை காய்த்தவர். பீட்டிலைத் தொட்டதில்லை. "காருக்கு டிக்கில இன்ஜினா?" என்று சிரித்தார். ஃபேன் உறையைத் தூக்கியதும் சிரிப்பு நின்றது.

உள்ளே ஓர் அணில் கூடு. கூலருக்குப் பின்னால், மூன்றாம் சிலிண்டருக்கு மேல் தேங்காய் நாரைச் சுருட்டி, வேப்பிலைக் காம்பு சொருகி, பழைய வலையின் நீல நைலான் நூலை ஊடே பின்னி, நடுவில் பஞ்சு மெத்தை. உள்ளங்கை இரண்டையும் சேர்த்துக் குவித்த அளவு. குட்டிகள் இல்லை, பழைய கூடு. ஓரத்து நார் பழுப்பேறி, தொட்டால் பொடிந்தது. அது தீப்பிடிக்காமல் இருந்தது தம்பியின் நல்ல நேரம். மூன்றாம் சிலிண்டரின் ஃபின்களில் மூன்றில் ஒரு பங்கு நாரால் அடைபட்டிருந்தது.

சேதுவுக்கு மண் சுமந்த அணில் நம்ம ஊர் அணில்தானே, அதை யார் திட்டுவது? ஆனால் அது எந்த வழியாக உள்ளே போனது என்று பார்த்தபோதுதான் உண்மையான நோய் தெரிந்தது. ஃபேன் உறையின் இரண்டு பக்கமும் முஷ்டி நுழையும் அளவில் ஒவ்வொரு குழாய் வாய் இருக்கும். குளிர்நாட்டில் வண்டிக்குள் வெந்நிறக் காற்று அனுப்பும் ஹீட்டருக்கான வாய். ராமநாதபுரத்தில் ஹீட்டர் எதற்கு என்று முன்னாடி யாரோ அதைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். எறிந்தவர்கள் வாயை மூடவில்லை. ஃபேன் அமுக்கும் காற்று ஃபின் இடுக்கில் முக்கி முனகி நுழைவதைவிட அந்த இரண்டு ஓட்டையில் சுகமாக ஓடிவிடும்.

மெக்கானிக் அண்ணன் ஓட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துவிட்டு, "அணிலுக்கு வாசல் வச்சுக் கொடுத்தது நீங்கதானப்பா" என்றார்.

13 ஏப்ரல்

நேற்று எழுதியதில் ஒரு பிழை. "வெந்நிறக் காற்று" என்று இருக்கிறது, வெந்நீர்க் காற்றும் இல்லை, சூடான காற்று என்று படியுங்கள்.

குழாய் வாய்களை லேத்தில் தகரத் தட்டு வெட்டி மூடினோம். பிறகு படகு அண்ணனின் பாடம். ஃபின்களை அவர் நகத்தால் சுரண்டினார். சாம்பல் நிறப் பொருக்கு உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு" என்றார். கடல்காற்றின் ஈரத்தில் உப்பு ஒட்டும், கசியும் ஆயில் அதைப் பிடித்துக்கொள்ளும், மேலே மணல் படியும், சூட்டில் வெந்து ஓடு மாதிரி ஆகிவிடும். ஃபின்னுக்கு ஒரு சட்டை போட்ட மாதிரி. சிலிண்டர் வார்ப்பிரும்பு, அதனால் சட்டைக்கு உள்ளே துருவும் ஏறும். வள்ளத்து இன்ஜின்களில் அவர் இதை வாரம் ஒருமுறை பார்க்கிறாராம்.

அவர் முறை: இன்ஜின் முழுசாக ஆறியபின், மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ், மூங்கில் குச்சி, பிறகு நல்ல தண்ணீர் மெதுவாக, கடைசியில் கம்ப்ரசர் காற்று. சூடான ஹெட் மேல் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விடும் என்று மூன்று தடவை சொன்னார். சிலிண்டருக்குப் பெயின்ட் அடிப்பதென்றால் ஒரே பூச்சு, மெல்லியதாக. கனமான பெயின்ட்டும் இன்னொரு சட்டைதான்.

ஹெட்டைத் துடைக்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. எக்ஸாஸ்ட் போர்ட் பக்கத்து ஃபின்களுக்கு நடுவே வார்ப்பின் மிச்சம் அப்படியே நிற்கிறது. வெளிச்சம் மறுபக்கம் தெரியவில்லை. புது ஹெட் வாங்கினால் ஒவ்வோர் இடுக்கிலும் சைக்கிள் போக்ஸ் கம்பி விட்டுப் பாருங்கள், போகாத இடத்தை மெல்லிய டிரில்லாலும் ரம்பத்தாலும் திறந்துவிடுங்கள். அரைநாள் வேலை. ஹெட்டின் மிகச் சூடான இடத்துக்குக் காற்று அதுவழிதான் போகிறது.

இன்னொரு தகடும் காணோம். இரண்டு சிலிண்டருக்கும் நடுவே அடிப்பக்கத்தில் செருகும் சின்னத் தகடு. அது இருந்தால்தான் மேலிருந்து வரும் காற்று சிலிண்டரின் வயிற்றைச் சுற்றித் தழுவிக்கொண்டு இறங்கும், இல்லாவிட்டால் நேராக விழுந்துவிடும். பழைய ஒன்றை மாதிரியாக வைத்து வெட்டிப் போட்டோம்.

27 ஏப்ரல்

கூடு எடுத்து, வாய் மூடி, ரப்பர் மாற்றி, நாய்க்கூண்டு உறையும் அகல ஃபேனும் மாட்டியாச்சு. மண்டபம் வரை ஓட்டினோம். ஆயில் 104. ஆனால் ஹெட் இன்னும் 208. எனக்குத் திருப்தியில்லை.

28 ஏப்ரல்

நாய்க்கூண்டு உறை வாங்குபவர்களுக்கு: கூலரைச் சுற்றி ஸ்பான்ஞ்சு அடைப்பு உண்டு. கூலரின் சூடான காற்றைக் கீழே இறக்கிவிடும் தனித் தகரக் குழாயும் உண்டு. பழைய சாமான் விற்பவர்கள் இதைத் தருவதில்லை, கேட்டால் "அது தேவையில்ல" என்பார்கள். தேவை. அது இல்லாவிட்டால் கூலரின் சூடு டிக்கிக்குள்ளேயே சுற்றி ஃபேனுக்குத் திரும்பும்.

4 மே

ஹெட் 208க்குக் காரணம் கிடைத்தது என்று நினைக்கிறேன். பிளக்கைக் கழற்றினால் வெள்ளை வெளேர். பெட்ரோல் போதவில்லை, காற்று கூடிவிட்டது.

பங்கில் இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது சதவீதக் கலவைக்கு ஏறத்தாழ 13.5. புது வண்டியில் கம்ப்யூட்டர் சென்சாரைப் பார்த்துச் சரிக்கட்டும். கார்புரேட்டர் ஜெட் ஒரு பித்தளை ஓட்டை, அதற்கு என்ன தெரியும்? பழைய பெட்ரோலுக்குப் போட்ட ஜெட்டில் கலவை எட்டு சதவீதம் மெலிந்துவிடும். ஏற்கெனவே கொஞ்சம் மெலிந்த கலவையில் இருந்த இன்ஜின் இன்னும் சூடாகிறது.

ஜெட் நம்பர் மிமீயில் நூறில் ஒரு பங்கு. 130க்குப் பதில் 135 போட்டால் ஓட்டையின் பரப்பு எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே கூடுகிறது. அதைத்தான் வாங்கிப் போட்டோம். கூடவே பெட்ரோல் ஹோஸையும் எத்தனால் தாங்குகிற ரகத்துக்கு மாற்றினோம். பழைய ரப்பர் ஹோஸ் ஊறி வெடித்தால் பெட்ரோல் சொட்டுவது பிளக்குகளுக்குப் பொறி மின்சாரம் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில். இதில் தயவுசெய்து யாரும் நாள் கடத்தாதீர்கள்.

11 மே

135 ஜெட்டில் பிளக் இளம்பழுப்பு. பற்றவைப்பு நேரமும் பார்த்தோம். வேக்குவம் இல்லாத டிஸ்ட்ரிபியூட்டர், முழு அட்வான்ஸ் (பொறி எவ்வளவு முன்கூட்டி அடிக்கிறது என்ற அளவு) 36 டிகிரி நின்றது, 30க்குக் குறைத்தோம். காதால் கேட்டு டைமிங் வைக்கிறவர்கள் இன்னும் நம்ம பக்கம் உண்டு, ஸ்டாண்டர்டு வண்டியில் அது ஓடும். பெரிய இன்ஜினுக்கு டைமிங் லைட் இல்லாமல் கை வைக்காதீர்கள். வால்வு இடைவெளி ஆறிய இன்ஜினில் 0.15 மிமீ.

ஹெட் 181. சாயங்காலம் தம்பி பதநீர் வாங்கிக்கொண்டு வந்தார்.

8 ஜூன்

டிக்கி மூடி விஷயத்தில் என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன். மூடியை முட்டுக் கொடுக்கவே கூடாது என்று போனில் தம்பியிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். அளந்து பார்த்தோம். மூடியின் ஓரமெங்கும் அரையடி நூல் துண்டுகளை ஒட்டி, பின்னால் பைக்கில் வந்து பார்த்தேன். உச்சிப்புளி நேர்ரோட்டில் அறுபதில் போகும்போது, தூக்கி வைத்த மூடியின் அடி இடுக்கில் இருந்த நூல்கள் உள்நோக்கித் திரும்பின. அதாவது பம்பர் பக்கத்துச் சூடு உள்ளே போகிறது. டிக்கிக்குள் மூடியபடி 46 டிகிரி, தூக்கி வைத்தபோது 52.

ஆனால் கடைவீதியில் பத்து நிமிடம் நின்றபோது கதை மாறியது. மூடி திறந்திருந்தால் மூன்று டிகிரி குறைவு. ஆகவே ஓடும்போது மூடியிருக்கட்டும், நெரிசலில் சிக்கினால் இறங்கித் திறந்து வையுங்கள். தம்பி சொன்னதில் பாதி நியாயம் இருந்திருக்கிறது.

அன்று இன்னொன்றும் கவனித்தேன். கச்சான் காற்று (மேற்கிலிருந்து வீசுவது) தொடங்கிவிட்டது. மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் போகும்போது காற்று முதுகில் தள்ளுகிறது, ஆயில் 109. திரும்பும்போது எதிர்க்காற்று, அதே வேகம், 103. முதுகுக் காற்றில் போகும்போது வண்டியின் சூடு வண்டியோடேயே வருகிறது போல. படகு அண்ணனிடம் சொன்னேன், ஆச்சரியப்படவில்லை. கச்சானில் வள்ளத்துப் புகை முகத்திலேயே அடிக்கும் என்றார்.

19 ஜூன்

வெளி ஆயில் கூலர் பற்றி நாலு பேர் கேட்டாயிற்று. எதிரி இல்லை நான். 1776க்கு மேல் போகிறவர்களுக்கு, நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கு அது வேண்டும். தகரமும் ரப்பரும் ஜெட்டும் டைமிங்கும் சரியான பிறகு போடுங்கள். முதலில் போட்டால் ஆயில் மீட்டர் மட்டும் நல்லபடி காட்டும், ஹெட் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

அதற்கு முன்னால் ஃபில்டர். இந்த இன்ஜினில் காகித ஃபில்டரே கிடையாது, அடியில் ஒரு கம்பி வலை மட்டும்தான். மொத்த ஆயில் இரண்டரை லிட்டர். அதில் நம்ம ஊர் மணல் கலந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. நான் 2,500 கிலோமீட்டரில் மாற்றுகிறேன். கெட்டியான ஆயில் போட்டால் நல்லது என்ற நம்பிக்கையையும் விடுங்கள். கெட்டி ஆயிலில் அழுத்தம் ஏறி உள்ளே வால்வு திறந்துகொண்டால், ஆயில் கூலருக்குப் போகாமலே பேரிங்குக்குப் போய்விடும்.

25 ஜூலை

நேற்று ஆடி அமாவாசை. தம்பி வீட்டார் அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம் கொடுக்க விடியற்காலை பீட்டிலிலேயே கிளம்பினார்கள். வேண்டாம், பஸ்ஸில் போங்கள் என்றேன், கேட்கவில்லை. திரும்பும்போது பாம்பன் பாலத்தில் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறார்கள். ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தையும் அதன் தூக்குத் தண்டவாளத்தையும் பார்க்க, வருகிற வண்டியெல்லாம் நடுப்பாலத்தில் நிற்கிறது. மேலே வெயில், முன்னும் பின்னும் வேன்கள்.

தம்பி பாலத்திலிருந்தே அனுப்பிய செய்தி அப்படியே: "அண்ணே ஆயில் 117 ஹெட் 172 விளக்கு எரியல. மூடிய திறந்து வச்சிருக்கேன். பின்னாடி வேன்காரர் டிக்கில இன்ஜின் இருக்குனு போட்டோ எடுக்குறார்."

நான் இங்கே வாசலில் நின்றுகொண்டே அதை நாலு தடவை படித்தேன்.

3 ஆகஸ்ட்

117 எனக்கு இன்னும் உறுத்துகிறது. இரண்டரை லிட்டருக்குப் பதில் மூன்றரை, நாலு லிட்டர் கொள்ளும்படி அடியில் கூடுதல் சம்ப் (ஆயில் தொட்டி) மாட்டினால் சூடேறும் வேகம் குறையும். ஆனால் அது தரைக்கு மிக அருகில் தொங்கும், நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கர்கள் அதை விடாது. மெல்லிய ரகம் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம். தேவிபட்டினம் ரோட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

10 ஆகஸ்ட்

ஃபேன் வாயில் கொசுவலை கட்டினால் அணில் வராதே என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. கட்டாதீர்கள். பூவரசுப் பூவும் பஞ்சும் ஒட்டி ஒரே வாரத்தில் அடைத்துக்கொள்ளும். குழாய் வாய்களை மூடுங்கள், வாரம் ஒருமுறை வண்டியை ஓட்டுங்கள், மாதம் ஒருமுறை டார்ச் அடித்து ஃபேனுக்குள் பாருங்கள். ஓடுகிற வண்டியில் அணில் குடியிருக்காது.

இன்ஜின் அறை ரப்பர் பட்டி இரண்டு மீட்டர் மீந்திருக்கிறது. தொண்டி, திருப்பாலைக்குடி பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாக வருகிறேன்.